இல்லாத வியாதிக்கு ஒரு சாட்சி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எனக்கு வராத ஒரு வியாதி குணமானதற்காக என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள்.

பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் எங்கள் தமிழ் சர்ச். காணிக்கைப் பாட்டு முடிந்தது. பாஸ்டர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நம்ம சைமன் அண்ணே அஞ்சு மாசமா கேஸ்ட்ரிக்ல ரொம்பக் கஷ்டப்பட்டாரு. மாதர் சங்கம் வீடு தேடிப் போய் ஜெபிச்சாங்க. இப்ப சுகமா இருக்காரு. அண்ணே சாட்சி சொல்ல வர்றாரு."

சபை முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது. சிலர் கை தட்டினார்கள்.

அந்தச் சைமன் நான்தான். வாராவாரம் இந்தப் பத்திரிகை மூலையில் உட்கார்ந்து உங்களோடு அரட்டை அடிக்கிறவன். எனக்கு கேஸ்ட்ரிக் வந்ததே இல்லை. மூன்று பொட்டலம் காரமான நாசி லெமாக் சோற்றை அடுத்தடுத்து உள்ளே தள்ளினாலும் என் வயிறு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாது.

பிறகு எப்படி மேடை வரைக்கும் போனது? சொல்கிறேன்.

கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். எங்கள் சர்ச்சில் சாட்சி என்றால் கோர்ட் விவகாரம் இல்லை. கடவுள் தனக்குச் செய்ததை எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல்வது. வேலை கிடைத்தவர் சொல்வார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தவர் சொல்வார். பத்து வருஷம் கழித்துப் பிள்ளை பெற்றவர்கள் பிள்ளையையே தூக்கிக்கொண்டு வந்து காட்டுவார்கள். எல்லாம் முடிந்த கதைகள். எல்லாம் நல்லபடியாக முடிந்த கதைகள்... "எனக்கு இன்னும் சரியாகவில்லை" என்று யாராவது சாட்சி சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை.

எனக்கு இருப்பது டிப்ரெஷன். மனச்சோர்வு. ஒன்றரை வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறேன்.

இதோ, எழுதிவிட்டேன். இந்த ஒரு வரியை எழுதாமல் இருக்கத்தான் ஒன்றரை வருஷமாக உங்களுக்கு ஜோக் எழுதிக்கொண்டிருந்தேன்.

மனச்சோர்வு என்றால் சோகம் என்று நினைப்பீர்கள். சோகமாவது இருந்திருக்கலாம். எனக்கு எதுவுமே இல்லை. காலையில் பல் துலக்கப் போய், பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு இருபது நிமிடம் கண்ணாடி முன்னால் நின்றிருக்கிறேன். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். கைதான் போகாது. ஷா ஆலத்தில் இருக்கும் ஆபீசுக்குக் கார் ஓட்டிப் போய், பார்க்கிங்கில் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருப்பேன். மற்றவர்கள் பேசுவது பக்கத்து வீட்டு டிவி மாதிரி எங்கேயோ கேட்கும். தூங்கவும் இல்லை, விழித்திருக்கவும் இல்லை.

ஜெபிக்கவும் முடியவில்லை. "ஆண்டவரே" என்று ஆரம்பிப்பேன். அடுத்த சொல் வராது. சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருக்கும் இரண்டு பேர் ஒரே வீட்டில் இருப்பதைப்போல, நானும் அவரும் இருந்தோம்.

ஒருநாள் காலை கண் விழித்தபோது, விழிக்காமலே இருந்திருக்கலாமே என்று தோன்றியது. அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. என் மனைவி ஸ்டெல்லா தமிழ்ப்பள்ளி ஆசிரியை. முதலாம் வகுப்புப் பிள்ளைகளை விட்டுவிட்டு சாமானியமாக லீவு போட மாட்டாள். அன்று போட்டாள். என்னைக் கையோடு கிளினிக்குக் கூட்டிப் போனாள். மாத்திரை ஆரம்பித்தது அப்படித்தான். ஏழு அறை வைத்த பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்கி, ஒவ்வொரு மூடியிலும் திங்கள், செவ்வாய் என்று ஸ்டிக்கர் ஒட்டினாள். கரும்பலகை எழுத்து. குண்டு குண்டாக, ஒன்றையொன்று இடிக்காமல் தள்ளித் தள்ளி நிற்கும்.

ஆக, என் வியாதி தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். டாக்டரும் ஸ்டெல்லாவும். டாக்டருக்காவது மாலை ஐந்து மணிக்கு வேலை முடிந்துவிடும்.

இனி கேஸ்ட்ரிக் கதைக்கு வருவோம்.

நாங்கள் இருப்பது கிள்ளானில். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்த நாளிலிருந்தே எங்களுக்கு சர்ச் மட்டும் பிரிக்பீல்ட்ஸ்தான். ஞாயிறு காலை கோமுட்டர் ரயில் ஏறுவோம். ஏர்கான் குளிரில் ஸ்டெல்லா சால்வையைப் போர்த்திக்கொள்வாள். பாடாங் ஜாவா, ஷா ஆலம், பத்து தீகா என்று ஒலிபெருக்கிப் பெண் ஒவ்வொரு ஊராகத் தாலாட்டுகிற குரலில் சொல்லிக்கொண்டே வருவாள். கண்ணாடிக்கு வெளியே ஃபேக்டரிக் கூரைகள், வாழைக்கூட்டம், யாரோ காயப்போட்ட பள்ளிச் சீருடை... எல்லாம் என்னைத் தொடாமல் போய்க்கொண்டிருக்கும்.

அந்தச் சாட்சிக்கு ஐந்து மாதம் முன்னால் ஒரு ஞாயிறு. நாங்கள் இறங்க வேண்டிய கேஎல் சென்ட்ரல் வந்தது. கதவு திறந்தது. என்னால் எழ முடியவில்லை.

"இறங்க வேணாம் போல இருக்கு," என்றேன்.

எழுந்து நின்ற ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். "சரி," என்றாள். திரும்ப உட்கார்ந்தாள். கதவு மூடியது.

எங்கே போகிறோம் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. ரயில் போய்க்கொண்டிருந்தது. கெப்போங் தாண்டியதும் மழை பிடித்தது. கண்ணாடியில் தண்ணீர் வழிந்து மரமும் வீடும் பச்சையும் வெள்ளையுமாகக் கலைந்தன. எதிரே ஒரு குழந்தை அம்மா மடியில் வாயைத் திறந்து தூங்கியது. ஸ்டெல்லா தன் சால்வையின் பாதியை என் முழங்காலில் போட்டாள். இப்படியே போய்க்கொண்டிருந்தால் நன்றாக இருக்கும், எங்கேயும் போய்ச் சேர வேண்டாம் என்று தோன்றியது. ரவாங்கில் இறங்கி, பிளாட்பாரத்தில் ஆளுக்கொரு சோயா தண்ணீர் குடித்துவிட்டு, வந்த வழியே திரும்பினோம். 

சர்ச்சுக்கு வந்து சேர்ந்தபோது ஆராதனை முடிந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஏன் லேட்டு என்று கேட்டவர்களிடமெல்லாம் ஸ்டெல்லா, "டிரெயின்ல தூங்கிட்டோம் லா," என்று சிரித்தாள்.

வாசலில் ஒரு மரப்பெட்டி இருக்கும். ஜெப விண்ணப்பப் பெட்டி. பக்கத்தில் வெற்றுச் சீட்டுகள், நூலில் கட்டிய பேனா. வேண்டுதலை எழுதிப் போட்டால் புதன்கிழமை மாதர் சங்கத்தார் ஒவ்வொன்றாக வாசித்து ஜெபிப்பார்கள். அன்று ஏனோ பேனாவை எடுத்தேன். என்ன எழுதுவது? எங்கள் சர்ச் தமிழில் எதையும் மறைக்க ஒரு நல்ல சொல் இருக்கிறது. சுகவீனம். தலைவலி முதல் கேன்சர் வரை எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். 'உடல் சுகவீனம். ஜெபிக்கவும். சைமன்' என்று எழுதிப் போட்டேன்.

புதன்கிழமை சாயந்திரமே போன் வந்துவிட்டது. ரூபி ஆன்டி.

ரூபி ஆன்டிதான் எங்கள் மாதர் சங்கத் தலைவி. எழுபது வயது. ஓய்வு பெற்ற டெலிபோன் ஆபரேட்டர். அந்தக் காலத்தில் லைன் போட்டுக் கொடுத்த பழக்கமோ என்னவோ, யார் விண்ணப்பத்தையும் மேலே கனெக்ஷன் கொடுக்காமல் விட மாட்டார்.

"தம்பி, சுகவீனம்னு போட்டிருக்கீங்க. என்ன சுகவீனம்?"

"ஒண்ணும் இல்ல ஆன்டி... சாப்பிட முடியல."

"கேஸ்ட்ரிக்கா?"

"ஆமா."

ஒரே ஒரு 'ஆமா'. அதற்கு நான் ஐந்து மாதம் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் ரூபி ஆன்டி இன்னும் மூன்று பெண்களோடு கிள்ளானுக்கே வந்து இறங்கினார். கையில் டிபன் கேரியர். உள்ளே வெந்தயமும் பூண்டும் போட்ட கஞ்சி. என்னை நாற்காலியில் உட்கார வைத்துச் சுற்றி நின்றார்கள். ரூபி ஆன்டி என் தோளில் கை வைத்தார். நாலு பேரும் ஒரே நேரத்தில் ஜெபிக்க ஆரம்பித்தார்கள். ஒருவர் முடிக்கட்டும் என்று இன்னொருவர் காத்திருப்பதெல்லாம் எங்களிடம் கிடையாது.

"ஆண்டவரே, இந்த மகனோட குடலைத் தொடும்... ஆசிட்டைக் கட்டளையிட்டு அடக்கும்..."

ஸ்டெல்லா சிரிப்பு வராமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். வெளியே மழை. கார் நிறுத்துமிடத்துத் தகரக் கூரையில் அது விழுகிற சத்தம். உள்ளே நாலு குரல். கொஞ்ச நேரத்தில் மழையும் ஜெபமும் ஒன்றாகிவிட்டன. எந்தச் சத்தம் எது என்று பிரிக்கத் தெரியவில்லை. தோளில் அந்தக் கை மட்டும் சூடாக இருந்தது. நான் எங்கேயோ மிதந்துபோகிறேன், ஆனால் யாரோ பிடித்திருக்கிறார்கள் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது...

தூங்கிவிட்டேன்.

உட்கார்ந்தபடியே. ஒரு மணி நேரம். மாதக்கணக்கில் வராத தூக்கம். கண் விழித்தபோது மழை விட்டிருந்தது. மூன்று பெண்கள் சத்தம் வராமல் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ரூபி ஆன்டி மட்டும் என் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். கை அதே தோளில். எடுத்தால் நான் விழித்துக்கொள்வேனாம்.

அந்த ஒரு மணி நேரம் நான் ஜெபிக்கவில்லை. என் பேரில் வேறு யாரோ விழித்திருந்தார்கள். கடவுள் இருக்கிறாரா, இருந்தால் என்னைப் பார்க்கிறாரா என்று எத்தனையோ நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் அன்று வந்தார் என்றுதான் நான் நம்புகிறேன். தவறான உறுப்புக்கு ஜெபித்தார்கள், உண்மைதான். அதனால் என்ன? அவருக்கு என் உடம்பில் எது எங்கே இருக்கிறது என்று தெரியாதா?

அடுத்த வாரம் கிளினிக்கில் இதைச் சொன்னேன். டாக்டர் முக்காடு போட்ட இளம் மலாய்ப் பெண். சிரித்தார். மாத்திரையின் அளவைக் கொஞ்சம் கூட்டி எழுதிவிட்டு, மலாய் மொழியில் சொன்னார்: மருந்தையும் சாப்பிடுங்கள், ஜெபத்தையும் விடாதீர்கள். நான் இரண்டையும் விடவில்லை. மெதுவாக, மிக மெதுவாக, பிரஷ்ஷைப் பிடித்த கை பல் வரைக்கும் போக ஆரம்பித்தது. "ஆண்டவரே" என்பதற்கு அடுத்து இரண்டு சொல் வந்தது. "இன்றைக்கும் இருக்கிறேன்." என் ஜெபம் அவ்வளவுதான். இப்போதும் பல நாள் அவ்வளவுதான்.

ஆனால் சர்ச்சில் நான் கேஸ்ட்ரிக் நோயாளி ஆகிவிட்டேன். ஞாயிறுதோறும் விசாரிப்பு. ஒருவர் சீரகத் தண்ணீர் என்பார். ஒருவர் காப்பியை நிறுத்து என்பார். டீ மேஜையில் உருளைக்கிழங்கு மசாலா வைத்துப் பொரித்த கறிபாப் பக்கம் கை நீட்டினால் மூன்று பேர் தடுப்பார்கள். ஆறிப்போன கஞ்சி ஒரு கப் எனக்கென்று தனியாகக் காத்திருக்கும். இரண்டு ஞாயிறு நான் சிரித்துப் பேசியதைப் பார்த்துவிட்டு ரூபி ஆன்டி பாஸ்டரிடம் பெயர் கொடுத்துவிட்டார். சைமன் சுகமாகிவிட்டார், சாட்சி சொல்வார் என்று.

மறுத்திருக்கலாம். எழுத்தாளன் புத்தி எங்கே விடும்? நன்றாகவே தயார் செய்தேன். இரண்டு பக்கம், நாலு ஜோக். கோமுட்டரில் ஸ்டெல்லா கேட்டாள்: "என்னங்க சொல்லப் போறீங்க?"

"கேஸ்ட்ரிக்தான்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சரி," என்றாள். ரவாங் போன அன்று சொன்ன அதே 'சரி'.

மேடை ஏறினேன். மைக் முன்னால் நின்றேன். காகிதத்தைப் பிரித்தேன். முதல் வரிசையில் ரூபி ஆன்டி கண்ணை மூடியிருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. அவர் இன்னமும் என் வயிற்றுக்காக ஜெபித்துக்கொண்டிருக்கிறார்! அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிப் பொய் சொல்வது? அதுவும் கடவுள் பெயரில்? பொய் சொன்னால் நான் குணமாகிவிட்டேன் என்று கணக்கு முடிந்துவிடும். அப்புறம் யாரிடமும் எதையும் சொல்ல முடியாது. மறுபடியும் நான், டாக்டர், ஸ்டெல்லா.

"எனக்கு கேஸ்ட்ரிக் இல்ல," என்றேன்.

ரூபி ஆன்டி கண்ணைத் திறந்தார்.

"அப்ப எதுக்குத் தம்பி அவ்வளவு கஞ்சியும் குடிச்சீங்க?" என்றார் ரூபி ஆன்டி, உட்கார்ந்த இடத்திலிருந்தே, சத்தமாக.

சபை சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் எனக்குத் தைரியம் வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். பிரஷ், பார்க்கிங், விழிக்காமல் இருந்திருக்கலாம் என்ற காலை, மாத்திரை, ரவாங். "இன்னும் சரியாகல. சரியாகுமான்னு தெரியல. ஆனா நாளைக்கும் எழுந்திரிக்கணும்னு ஆசை வந்திருக்கு. அதுக்குத்தான் ஸ்தோத்திரம் சொல்ல வந்தேன்." அவ்வளவுதான் என் சாட்சி. யாரும் கை தட்டவில்லை. பாஸ்டர் அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார்.

டீ மேஜையில் ஒரு பெரியவர் வந்தார். "விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்கு?" என்றார். பயந்தபடியே நடந்தது.

ரூபி ஆன்டி குறுக்கே வந்தார். "அங்கிள், அந்தக் கண்ணாடியக் கழட்டுங்க. போர்டுல பாட்டு நம்பர் விசுவாசத்துல தெரியுதான்னு பாப்போம்."

அங்கிள் கண்ணாடியைக் கழற்றவில்லை.

"அஞ்சு மாசமா ராங் நம்பர் போட்டிருக்கோமே தம்பி," என்று என் பக்கம் திரும்பினார் ரூபி ஆன்டி. கண் கலங்கியிருந்தது.

"லைன் கெடச்சிருச்சு ஆன்டி."

"மாத்திரைய நிறுத்திடாதீங்க. அப்புறம்... புதன்கிழமை சாயந்திரம் வாங்க. எனக்குக் கண்ணு மங்குது. சீட்டு வாசிக்க ஆள் வேணும்." ஐந்து மாதத்துக்குப் பிறகு எனக்கு ஒரு கறிபாப் கிடைத்தது.

புதன்கிழமை ஆபீஸ் முடிந்து போனேன். ரூபி ஆன்டி பெட்டியை மேஜையில் கவிழ்த்தார். வழக்கமான சீட்டுகள்: மருமகன் வேலை, பேத்தி எஸ்பிஎம் பரீட்சை, முழங்கால் வலி. கூடவே வழக்கத்தில் இல்லாத மூன்று. 'மனசு சரியில்லை.' 'தூக்கம் இல்லை, சைமன் மாதிரி.' 'என் மகனுக்கு.' பெயர் போடாதவை. ஒவ்வொன்றாக வாசித்தேன். பெண்கள் ஜெபித்தார்கள்.

அடுத்த சீட்டை எடுத்தேன். ஒரே ஒரு சொல். 'சுகவீனம்.' பெயர் இல்லை.

குண்டு குண்டான எழுத்து. ஒன்றையொன்று இடிக்காமல் தள்ளித் தள்ளி நின்றது.

"அதுவா?" என்றார் ரூபி ஆன்டி, சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்து. "இது மாசா மாசம் வரும் தம்பி. ஒன்றரை வருஷமா வருது. பேரு போடறதே இல்ல. யாருன்னு தெரியாம எங்க போய்ப் பாக்குறது? நாங்களும் விடாம ஜெபிச்சுக்கிட்டுத்தான் இருக்கோம்."

என்னால் அதை வாசிக்க முடியவில்லை. ஒன்றரை வருஷம். என் மாத்திரைக்கும் அந்தச் சீட்டுக்கும் ஒரே வயது. எல்லாக் கிழமையையும் எனக்கு எழுதி ஒட்டியவள், தனக்கு ஒரே ஒரு சொல்லை எழுதி, யாருக்கும் தெரியாமல் பெட்டியில் போட்டிருக்கிறாள். அவள் எப்படி இருக்கிறாள் என்று நான் ஒருநாளாவது கேட்டேனா? வெட்கமாக இருந்தது. ரூபி ஆன்டி என் முகத்தைப் பார்த்தார். என் தோளில் கையை வைத்து, அந்தச் சீட்டுக்குத் தானே ஜெபித்தார்.

கிள்ளானுக்குத் திரும்புகிற கோமுட்டர் முழுக்க அந்தப் பாதிச் சால்வை ஞாபகமாகவே இருந்தது. அதில் மீதிப் பாதிதானே அவளுக்கு இருந்தது!

வீட்டில் ஸ்டெல்லா பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தேன். சட்டைப் பையில் கொண்டுவந்த அந்தச் சீட்டை மேஜையில் வைத்தேன்.

"என்ன சுகவீனம்?" என்று கேட்டேன்.

சீட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

"கேஸ்ட்ரிக்," என்றாள்.

சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்தாள். நான் அவள் தோளில் கையை வைத்தேன். அவள் அழுது முடித்து, நோட்டுகளின் மேலேயே தலை சாய்த்துத் தூங்கும்வரை எடுக்கவில்லை. எனக்கு நீளமாக ஜெபிக்க இன்னும் வராது. "ஆண்டவரே, இன்றைக்கும் இருக்கிறோம்," என்றேன். அவருக்குப் புரிந்திருக்கும். அடுத்த முறை கிளினிக்குக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து நேரம் வாங்கியிருக்கிறேன்.

அவள் எழுவதற்குள் முதன்முறையாக வெந்தயக் கஞ்சி வைத்தேன். இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டதற்கு ஸ்டெல்லா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: கஞ்சி அடிபிடித்ததையும் சேர்த்து எழுத வேண்டும்.